மண்டபத்தில் படி இருக்கிறது

2011இல் பிரான்சில் ஒரு படம் வந்தது. கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்த ஒரு பணக்கார வெள்ளையர். அவரைப் பார்த்துக்கொள்ள வரும், புறநகர்க் குடியிருப்பில் வளர்ந்த ஒரு கறுப்பின இளைஞர். முதலாளி – வேலைக்காரர் என்று தொடங்கி இருவரும் நண்பர்களாகிறார்கள். பிரான்சில் மட்டும் 1.9 கோடி டிக்கெட்டுகள் விற்றன. படத்தின் பெயர் 'அன்துஷாப்ல்'. நேராகத் தமிழில் சொன்னால் 'தீண்டத்தகாதவர்கள்'. பிரிட்டனில் 'அன்டச்சபிள்' என்றே வெளியிட்டார்கள்.

அதே கதை 2016இல் நம் ஊருக்கு வந்தது. வம்சி இயக்கம், நாகார்ஜுனா, கார்த்தி. தெலுங்கில் 'ஊப்பிரி', தமிழில் 'தோழா'. தீண்டாமை என்ற சொல்லை உருவகமாக மட்டுமே அறிந்த நாட்டில் அது போஸ்டரில் பெரிய எழுத்தில் இருந்தது. அது அன்றாட நடப்பாக இருக்கும் நாட்டில் தலைப்பிலிருந்து இறங்கிக்கொண்டது. கார்த்தி நடித்த சீனு ஏழை, திருடன், பரோலில் வெளியே வந்தவன். இவ்வளவும் தெரிகிறது. அவன் எந்தத் தெருவிலிருந்து வருகிறான் என்று மட்டும் படம் கேட்கவில்லை. அந்த மாளிகையில் இருக்கும் யாரும்கூடக் கேட்கவில்லை. தமிழ்நாட்டில் ஒருவன் வீட்டுக்குள் வேலைக்கு வருகிறான், படுக்கையறை வரை போகிறான், அவன் யார் என்று ஒருவருமே விசாரிக்கவில்லையாம்! படத்திலேயே பெரிய கற்பனை அதுதான்.

பிரெஞ்சுப் படம் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. வெள்ளை முதலாளியைச் சிரிக்கவைத்து, ஆடிக்காட்டி, அவர் வாழ்க்கைக்கு உயிர் கொடுக்கும் கறுப்பு வேலைக்காரன் என்ற பழைய வார்ப்பு அது என்று அமெரிக்காவின் 'வெரைட்டி' இதழ் விமர்சகர் அப்போதே காய்ச்சி எடுத்தார். ஆனாலும் இனமும் வர்க்கமும் அங்கே திரையில் தெரிந்தன. பார்த்தவர்களால் சண்டை போட முடிந்தது. நம் படத்தில் சண்டை போடக்கூட எதுவும் வைக்கவில்லை.

இதையெல்லாம் சொன்னாலும் எனக்கு இரண்டு படங்களும் பிடிக்கும். காரணம் ஒன்றுதான்: பரிதாபம் இல்லை. தன்னால் கை நீட்டி வாங்க முடியாது என்பதை மறந்து அந்த இளைஞன் போனை நீட்டுகிறானே, அதற்காகவே அவனை எனக்குப் பிடித்திருக்கிறது என்கிறார் முதலாளி. மாற்றுத்திறனாளிகளைத் தியாகச் சின்னமாகவோ பாவத்தின் சம்பளமாகவோ காட்டிப் பழகிய நமக்கு அது பெரிய விஷயம்.

கதைக்குப் பின்னால் இருக்கும் உண்மை மனிதர்களைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். பிலிப் பொத்ஸோ தி போர்கோ, பொம்மெரி ஷாம்பெய்ன் நிறுவனத்தில் உயர் பொறுப்பில் இருந்தவர். 1993இல் பாராகிளைடிங் விபத்தில் தண்டுவடம் அடிபட்டது. அவருக்குப் பராமரிப்பாளராக வந்தவர் அப்தெல் செலூ, அல்ஜியர்சில் பிறந்தவர். படத்தில் அவர் செனகல்காரராக மாறினார். இன்னொரு மாற்றமும் நடந்தது. படம் தொடங்கும்போதே பிலிப்பின் மனைவி இறந்துபோயிருக்கிறார். உண்மையில் பியாத்ரிஸ் 1996 வரை இருந்தார். புற்றுநோயோடு போராடிக்கொண்டே, விபத்துக்குப் பின் மூன்று ஆண்டுகள் கணவரோடு இருந்தார். இரண்டு ஆண்களின் நட்பு பளிச்சென்று தெரிய வேண்டும் என்றால் அதற்கு முன்னால் கவனித்துக்கொண்ட பெண் ஃபிரேமில் இருக்கக்கூடாது போலிருக்கிறது. நம் வீடுகளிலும் அம்மாவோ மனைவியோ தங்கையோ மலம் அள்ளினால் அது 'பாசம்', செய்தியே அல்ல. வெளியாள் ஒருவர் செய்தால்தான் கதையாகிறது.

என் தோழர் ஒருவரின் வீட்டிலும் அப்படித்தான். பைக் விபத்தில் கழுத்தெலும்பு முறிந்து தண்டுவடம் பாதிக்கப்பட்டவர். கைகள் ஓரளவு அசையும், விரல்கள் மடங்காது. சென்னைப் புறநகரில், மாடி வீட்டில், அம்மாவோடு இருக்கிறார். சிறு கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்து கொடுத்துச் சம்பாதிக்கிறார். முதல் நான்கு ஆண்டுகள் எல்லாவற்றையும் அம்மாதான் செய்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப்புண் வந்துவிடும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை குழாய் செருகிச் சிறுநீர் எடுக்க வேண்டும். காலையில் கையுறை போட்டுக்கொண்டு விரலால் மலத்தை வெளியேற்ற வேண்டும். பிரெஞ்சுப் படத்தில் இந்தக் கடைசி வேலையை அந்த இளைஞன் செய்ய மறுப்பது நகைச்சுவைக் காட்சி, தியேட்டரே சிரிக்கும். அம்மாவின் இடுப்பு ஒடிந்தபோது தோழருக்கு அது சிரிப்பாக இல்லை.

ஒரு ஏஜென்சிக்குப் போன் செய்தார். எடை கேட்டார்கள், வயது கேட்டார்கள், கதீட்டர் உண்டா என்று கேட்டார்கள். கடைசியாகத் தயங்கித் தயங்கி, "தப்பா எடுத்துக்காதீங்க சார், நீங்க என்ன ஆளுங்க? ஸ்டாஃப் கேக்குறாங்க, அதான்."

தோழர் தலித். சொன்னார். வந்த முதல் ஆள் சுவரில் இருந்த அம்பேத்கர் படத்தைப் பார்த்தார், அன்று முழுக்க வேலை பார்த்தார், மறுநாள் போனை அணைத்துவிட்டார். அடுத்த மூவரில் இருவர் வேறு காரணங்களுக்காகப் போனார்கள். ஒருவர் காரணமே சொல்லவில்லை.

சாதிக்கும் கவனிப்புக்கும் என்ன உறவு என்று பேசும்போது நாம் வழக்கமாக ஒரு திசையை மட்டும்தான் பார்க்கிறோம்: மேலே இருப்பவரின் அழுக்கைக் கீழே இருப்பவர் கழுவுகிறார். அது உண்மை. பக்கவாதத்தில் விழுந்த பெரியவரைக் குளிப்பாட்ட எந்தச் சாதிப் பெண் வந்தாலும் வீட்டுக்குச் சம்மதம்தான். அதே பெண் அடுப்படிக்குள் நுழைந்து ஒரு டம்ளர் எடுத்தால்தான் தீட்டு. உடம்பைத் தொடலாம், பாத்திரத்தைத் தொடக்கூடாது. ஆனால் எதிர்த்திசையும் இருக்கிறது. தலித் நோயாளியை யார் தொடுவார்கள்?

அம்பேத்கர் 'வெயிட்டிங் ஃபார் எ விசா' குறிப்புகளில் ஒரு கடிதத்தைப் பதிவு செய்கிறார். 1929 டிசம்பர் 12 'யங் இந்தியா'வில் வந்தது. கத்தியவாரில் ஒரு தீண்டப்படாத சாதிப் பள்ளி ஆசிரியர். பிரசவித்த அவர் மனைவியின் உடல்நிலை மோசமாகிறது. டாக்டர் சேரிக்குள் வர மறுக்கிறார், அங்கே வைத்துப் பார்க்கவும் மறுக்கிறார். நகர்சேட்டின் சிபாரிசும் இரண்டு ரூபாய் கட்டணமும் ஏற்பாடான பிறகு, நோயாளியைச் சேரிக்கு வெளியே கொண்டுவந்தால் பார்ப்பதாகச் சொல்லி வருகிறார். தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுக்கிறார், அவர் கணவரிடம் கொடுக்கிறார், கணவர் மனைவிக்கு வைக்கிறார், அதே வழியில் திரும்பிப் போகிறது. நிமோனியா என்கிறார் டாக்டர். அதற்குப் பிறகு வரவே இல்லை. அந்தப் பெண் இறந்துபோனார். ஒரு கண்ணாடிக் குழாய் மூன்று கை மாறிய கதையை நான் எத்தனை முறை படித்தாலும் அடுத்த பக்கத்துக்கு உடனே போக முடிவதில்லை.

தோழரின் வீட்டுக்கு ஐந்தாவதாக வந்தவர் டெல்டா பக்கத்து ஊர்க்காரர், இருபத்தேழு வயது. ஊரில் நிலம் வைத்திருக்கும் ஆதிக்க சாதி. நிலமெல்லாம் சித்தப்பாக்களிடம் போய், இவருக்கு மிஞ்சியது கடன் மட்டும். சாதி தெரிந்தேதான் வந்தார். வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. குழாய் செருகுவதில் மருத்துவமனை நர்ஸைவிடச் சுத்தம் என்பார் தோழர். ஆனால் கையோடு ஒரு எவர்சில்வர் டம்ளரும் டிபன் பாக்ஸும் கொண்டுவந்தார். காலையில் தோழரின் மலத்தை எடுத்துவிட்டுக் கை கழுவி, அம்மா தரும் காப்பியை "பழக்கமில்லைங்க" என்று மறுத்துவிட்டு மொட்டைமாடிப் படியில் உட்கார்ந்து தன் பாக்ஸைத் திறப்பார். உடம்பின் மிக அந்தரங்கமான இடம்வரை போகும் கை சோற்றுப் பானைக்கு முன்னால் நின்றுவிட்டது. தோழரை 'சார்' என்றே கூப்பிட்டார். மரியாதைக்காக அல்ல, முறை வைத்துக் கூப்பிடாமல் தப்பிக்க.

எப்படி மாறியது என்று கேட்டேன். பெரிய சம்பவம் ஏதும் இல்லை என்றார் தோழர். மே மாதம், பாக்ஸில் இருந்த சாம்பார் ஊசிப்போய்விட்டது. அம்மா ஒன்றும் பேசாமல் தட்டில் இரண்டு தோசை வைத்தார். சாப்பிட்டார். மறுநாள் திரும்பவும் பாக்ஸ் வந்தது. ஒரு வாரம் கழித்து வரவில்லை. பிறகு ஒருநாள் வந்தது. இப்படியே இழுத்து மூன்று மாதத்தில் பாக்ஸ் நின்றது. 'சார்' எப்போது 'அண்ணே' ஆனது என்று இருவருக்குமே நினைவில்லை. இரவு இரண்டு மணிக்குப் புரட்டிப் படுக்கவைத்துவிட்டுத் தூக்கம் கலைந்து இருவரும் மொபைலில் பழைய கவுண்டமணி காமெடி பார்ப்பார்கள். லிஃப்ட் இல்லாத தியேட்டரில் இரண்டு மாடி முதுகில் தூக்கிக்கொண்டு போய் உட்காரவைத்திருக்கிறார். கூட வந்த எங்களை எல்லாம் "நீங்க தள்ளுங்க, உங்களுக்குப் பிடிக்கத் தெரியாது" என்று அதட்டிவிட்டு.

இங்கே நிறுத்தினால் நல்ல சினிமா.

மூன்று வருடம் கழித்து அவர் தங்கைக்குக் கல்யாணம். பத்திரிகை கொடுத்தார். கொடுக்கும்போதே சொன்னார்: "அண்ணே, மண்டபத்துல படி ஜாஸ்தி. உங்களுக்குச் சிரமம்."

தோழர், "ஆமாம்பா, சிரமம்தான்" என்றார்.

இரண்டு பேருக்கும் தெரியும். இரண்டு மாடி தூக்கியவருக்கு மண்டபத்துப் படி எத்தனை? ஊனம் அந்த நேரத்தில் இருவருக்கும் உதவிக்கு வந்தது. சாதியைச் சொல்லாமல் சாதியைக் கடைப்பிடிக்க ஒரு சாய்வுதளம் இல்லாத கட்டடம் போதுமானதாக இருந்தது. கல்யாணத்துக்கு மறுநாள் பார்சலில் பந்திச் சாப்பாடும் லட்டும் வந்தன. தோழர் சாப்பிட்டார். அந்த நான்கு நாளும் அம்மாவும் நானும் இன்னொரு நண்பரும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டோம். தோழரின் காலில் சின்னப் புண் வந்துவிட்டது, எங்களுக்குப் புரட்டத் தெரியவில்லை.

இந்த நட்பு பொய்யா என்று இளம் தோழர்கள் உடனே கேட்பீர்கள். பொய்யில்லை. நான் பக்கத்திலிருந்து பார்த்தவன். ஆனால் அந்த அறையின் நான்கு சுவருக்குள் அவர் உடைத்துக்கொண்டதை ஊரில் போய் உடைக்க அவரிடம் எதுவும் இல்லை. கடன் இருக்கிறது, தங்கையின் மாமியார் வீடு இருக்கிறது, சித்தப்பாக்கள் இருக்கிறார்கள். இது அவருக்கான சமாதானம் இல்லை, தவறு தவறுதான். தனிமனித நட்பு சாதியைக் கரைத்துவிடும் என்று நமக்கு விற்கப்படும் கதையின் எல்லை அந்த மண்டபத்து வாசல்.

இன்னொன்றும் இருக்கிறது, இதைப் பற்றி நம் இயக்கங்களில் பேச்சே இல்லை. அந்த இளைஞருக்கு வார விடுமுறை கிடையாது. பி.எஃப். இல்லை, காப்பீடு இல்லை. ஏஜென்சி தன் பங்கை எடுத்துக்கொண்ட மிச்சம்தான் சம்பளம். அதையும் தருவது ஒரு முதலாளி அல்ல, ஜிஎஸ்டி கணக்கு எழுதிப் பிழைக்கும் ஒரு மாற்றுத்திறனாளி. பாரிஸ் மாளிகைக்காரருக்குப் பணம் இருந்தது, நண்பனைத் தேர்ந்தெடுக்க முடிந்தது. இவருக்கு முடியாது. ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 19ஆம் பிரிவு, சமூகத்தில் சுதந்திரமாக வாழத் தனி உதவியாளரைப் பெறுவதை உரிமையாகச் சொல்கிறது. இந்தியா 2007இல் அதை ஏற்றுக்கொண்டது. 2016ஆம் ஆண்டுச் சட்டம், அதிக ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி பற்றிப் பேசுகிறது. தமிழ்நாட்டில் கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்குத் தரப்படும் பராமரிப்பு உதவித்தொகை 2023இல் மாதம் 2000 ரூபாயாக இருந்தது. அதில் ஒரு பராமரிப்பாளரை ஒரு வாரம்கூட வைத்துக்கொள்ள முடியாது.

பராமரிப்பாளருக்கான ஊதியத்தை அரசு நேரடியாகத் தர வேண்டும். ஆளைத் தேர்ந்தெடுப்பவர் மாற்றுத்திறனாளியாக இருக்க வேண்டும். பராமரிப்பாளர் தொழிலாளியாகப் பதிவு செய்யப்பட்டு, விடுமுறையும் மாற்று ஆளும் உறுதி செய்யப்பட வேண்டும். "என்ன ஆளுங்க" என்று கேட்கும் ஏஜென்சியின் உரிமம் ரத்தாக வேண்டும். தலித் அமைப்புகளின் கோரிக்கைப் பட்டியலில் மாற்றுத்திறனாளிகளும், மாற்றுத்திறனாளிகள் சங்கங்களின் பட்டியலில் சாதியும் இடம்பெறாமல் இது நடக்காது. இரு பக்கக் கூட்டங்களுக்கும் போகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: முதல் வகைக் கூட்டங்கள் பெரும்பாலும் மாடியில் நடக்கின்றன. இரண்டாம் வகையில் சாதி என்றதும் "அது வேற விஷயம் சார்" என்கிறார்கள்.

இதை எழுதட்டுமா என்று தோழரிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அடுத்த அறையில் அந்தத் தம்பி வெந்நீர் பிடித்துக்கொண்டிருந்தார்.

"எழுதுங்க தோழர்," என்றார் குரலைத் தாழ்த்தி. "மண்டபத்தையும் எழுதுங்க. ஆனா அவனை வில்லனாக்கிடாதீங்க. நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு அவன்தான் வரணும்."