ஏரிக்கரைக்கு எந்தப் பண்?

டிபார்ட்மென்ட் எக்ஸ்போவிலயோ ஹேக்கத்தானிலயோ நம்ம பசங்க செஞ்ச கேம் டெமோவை நீங்க பார்த்திருப்பீங்க. காடு இருக்கும், மலை இருக்கும், கையில் வாளோட ஒரு ஹீரோ இருப்பான். ஹெட்போனை மாட்டினா ட்ரம்பெட்டும் கோரஸும் முழங்கும். நெட்ல இலவசமா கிடைக்கிற 'எபிக்' லூப் அது. ஹீரோ அசுரனோட மோதினாலும் அதே பாட்டு, குளத்துல கால் நனைச்சுக்கிட்டு சும்மா நின்னாலும் அதே பாட்டு. மூணாவது நிமிஷம் நீங்களே மியூட் பண்ணிடுவீங்க.

கிராபிக்ஸுக்கு மூணு மாசம், கோடிங்குக்கு மூணு மாசம், இசைக்குக் கடைசி நாள் ராத்திரி அரை மணி நேரம். இதுதான் நம்ம வழக்கம். இது தப்புன்னு சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஓப்பன் வேர்ல்ட் ஃபேன்டஸி கேம்ல இசைங்கறது மேல் பூச்சு இல்லை, அஸ்திவாரத்துல ஒரு கல். அதுக்கான பாடத்தை நாம பள்ளிக்கூடத்துலயே படிச்சு, மார்க் வாங்கி, மறந்தும் போயிட்டோம்.

சினிமா காது

நம்ம காது சினிமாவுல வளர்ந்த காது. பிஜிஎம் என்றாலே ஹீரோ என்ட்ரிதான் ஞாபகத்துக்கு வரும். ஆனா சினிமாவுக்கு இசையமைக்கிறவருக்கு ஒரு வசதி உண்டு. காட்சி எத்தனை வினாடி, கதவு எப்போ திறக்கும், அழுகை எங்கே வெடிக்கும், எல்லாம் அவருக்கு முன்னாடியே தெரியும். கேம்ல அது எதுவும் தெரியாது. நீங்க ஏரிக்கரையில 3 நிமிஷமும் நிக்கலாம், 3 மணி நேரமும் நிக்கலாம். திடீர்னு திரும்பி ஓடவும் செய்யலாம். நேரம் ஆடறவர் கையில இருக்கு, இசையமைப்பாளர் கையில இல்லை.

இந்தச் சிக்கலுக்கு வயசு அதிகம். 1978-ல வந்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' கேம்ல நாலே நாலு சுரம்தான். எதிரிகள் கீழே இறங்க இறங்க அந்த நாலும் வேகமாகும், கூடவே நம்ம நெஞ்சும் அடிச்சுக்கும். 1991-ல 'மங்கி ஐலண்ட் 2' கேமுக்காக லூகாஸ்ஆர்ட்ஸ்ல மைக்கேல் லேண்டும் பீட்டர் மெக்கானலும் 'ஐ-மியூஸ்' என்கிற முறையைக் கொண்டுவந்தாங்க. ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்குப் போனா, பாட்டு வெட்டுப்படாம அடுத்த பாட்டுக்குள்ள கரைஞ்சு போகும்.

பெரிய கேம்கள் என்ன செய்யுது?

'ஸ்கைரிம்' (2011) ஆடினவங்களுக்கு அதோட அமைதியான பாட்டுகள் மறக்காது. ஆனா அதுல ஒரு எரிச்சலும் உண்டு. எதிரி உங்களைப் பார்த்த உடனே சண்டை மியூசிக் ஆரம்பிச்சுடும். புதருக்குப் பின்னாடி ஓநாய் இருக்கறது உங்க கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடியே பாட்டு காட்டிக் கொடுத்துடும். ஒரு நண்டு முறைச்சாலும் முரசு முழங்கும்.

'தி விட்சர் 3' (2015) வேற வழியில போச்சு. போலந்துக்காரங்க செஞ்ச கேம், அவங்க ஊர் பெர்சிவல் நாட்டுப்புற இசைக்குழுவையே உள்ளே கொண்டுவந்தாங்க. சண்டைக்கு நடுவுல கேட்கிற பெண் குரல்கள் எந்த 'எபிக்' லூப்லயும் கிடைக்காது. மண்ணோட குரல் அது.

என்னைக் கேட்டா உச்சம் 'ஜெல்டா: பிரெத் ஆஃப் தி வைல்ட்' (2017)தான். புல்வெளியில நடக்கும்போது பெரும்பாலும் காத்து, புல், காலடிச் சத்தம் மட்டும்தான். எப்பவாவது பியானோவுல ரெண்டு மூணு சுரம் விழும், அப்புறம் மறுபடி மௌனம். காஸ்னு ஒரு பறவை மனிதன் அக்கார்டியன் வாசிச்சுக்கிட்டு அங்கங்கே நிப்பான். சத்தம் எந்தப் பக்கம் கூடுதோ அந்தப் பக்கம் நடந்தா ஆளைக் கண்டுபிடிக்கலாம். மறைஞ்சிருக்கிற இடங்களுக்கான குறிப்பை அவன் பாட்டாவே பாடிக் காட்டுவான்.

வழி சொல்லும் பாடகன்! இதை எங்கேயோ படிச்ச மாதிரி இல்லையா?

பத்துப்பாட்டுல ஒரு ஓப்பன் வேர்ல்ட்

பத்துப்பாட்டுல சரிபாதி, அதாவது அஞ்சு நூல்கள் ஆற்றுப்படை. பரிசு வாங்கிட்டு வர்ற கலைஞன், வறுமையில வாடற இன்னொரு கலைஞனுக்கு வழி சொல்றான். எந்த ஊர் வழியா போகணும், அங்கே யார் இருப்பாங்க, என்ன சாப்பாடு போடுவாங்க, கடைசியில எந்த அரசனைப் பார்க்கணும், எல்லாம் அதுல உண்டு. பெரும்பாணாற்றுப்படையில போய்ச் சேர வேண்டிய இடம் தொண்டைமான் இளந்திரையனோட காஞ்சி. செம்பரம்பாக்கத்துல நம்ம பஸ் நிக்கிற அதே நெடுஞ்சாலையைப் பிடிச்சுப் போனா வர்ற காஞ்சிபுரம்தான்.

இந்த உலகத்தை வடிவமைச்சவங்க இசையைக் கடைசி ராத்திரிக்கு ஒதுக்கலை. ஐந்திணைக் கருப்பொருள் அட்டவணை ஞாபகம் இருக்கா? தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில். அதே வரிசையில பறையும் யாழும் பண்ணும் இருக்கும். குறிஞ்சிக்குத் தொண்டகப் பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, மருதத்துக்கு மணமுழவும் நெல்லரிகிணையும், நெய்தலுக்கு மீன்கோட்பறை, பாலைக்குத் துடி. யாழும் நிலத்துக்கு ஒண்ணு. அதாவது ஒரு நிலத்தைச் சொல்லும்போது அங்கே என்ன மரம் நிக்கும் என்பது எவ்வளவு முக்கியமோ, என்ன சத்தம் கேட்கும் என்பதும் அவ்வளவு முக்கியம். இதுக்குப் பேர் என்ன? கேம் டிசைன் டாக்குமென்ட்!

நேரமும் கணக்குல உண்டு. காலையில மருதப்பண், மாலையில செவ்வழிப்பண் என்பது பாணர்களோட முறை. புறநானூறு 149-ல வன்பரணர், நள்ளி என்கிற வள்ளலைப் பாடும்போது, "எங்க ஆளுங்க மாலையில மருதமும் காலையில செவ்வழியும் வாசிக்கிறாங்க, முறையே மறந்துபோச்சு, நீ அள்ளிக் கொடுத்ததுதான் காரணம்" என்கிற பொருள்பட ஒரு குறும்பு செய்யறார். நேரம் மாறி வாசிச்சா கேட்கிறவனுக்கு உறுத்தும் என்றால்தான் இந்தக் குறும்பு செல்லும். ஒருத்தர் செஞ்ச 'பக்'கை எல்லாரும் கண்டுபிடிக்கிற அளவுக்கு விதி பழகியிருக்கு.

இன்னும் இருக்கு. அகநானூறு 102-ல மலைமகள் ஒருத்தி கூந்தலை உலர்த்திக்கிட்டே குறிஞ்சிப்பண் பாடறா. தினை தின்ன வந்த யானை, தினையையும் தின்னாம, இடத்தை விட்டும் நகராம, நின்னபடியே தூங்கிடுது. பொருநராற்றுப்படையில பாலை யாழோட இசை, வழிப்பறிக் கள்ளர்களையே ஆயுதத்தைக் கீழே போட வைக்குது. பின்னணியில ஓடுற பாட்டு இல்லை இது, உலகத்துக்குள்ளேயே வேலை செய்யற இசை. கேம் மொழியில சொன்னா, மெக்கானிக். வாளை உருவாம ஒரு யானையைத் தூங்க வைக்கிற கேமை நம்மள்ல யாராவது செஞ்சோமா?

கொஞ்சம் இன்ஜினியரிங்

"பழம்பெருமை பேசறே"ன்னு சொல்றவங்களுக்கு ஒரு தொழில்நுட்ப வாதம். கேம் இசையில ரெண்டு முக்கிய உத்தி. ஒண்ணு, பாட்டைத் துண்டு துண்டா வெச்சு, நிலைமைக்கு ஏத்த மாதிரி அடுத்த துண்டுக்குத் தாவறது. இன்னொண்ணு, ஒரே பாட்டை அடுக்கடுக்கா வெச்சு, தேவைக்கு ஏத்த மாதிரி அடுக்கைத் திறக்கிறது, மூடறது.

ரெண்டாவது உத்திக்கு நம்ம இசை ரொம்பவே தோது. ஒரே சுருதி, ஒரே ராகம். கார்ட் மாறிக்கிட்டே இருக்கிற மேற்கத்திய இசையில எந்த நொடியில புது அடுக்கு நுழையணும்னு கவனமா பார்க்கணும். தம்புரா ஓடிக்கிட்டு இருக்கும்போது புல்லாங்குழல் எந்த நொடியில நுழைஞ்சாலும் பெரும்பாலும் இடிக்காது. ஆலாபனைக்குத் தாளமே கிடையாது, நீளமும் பாடறவர் இஷ்டம். சும்மா சுத்திப் பார்க்கிற நேரத்துக்கு இதைவிடப் பொருத்தமா என்ன வேணும்?

சண்டைக்குத் தாளம் வேணும். அங்கே ஒரு கணக்கு இருக்கு. அட்சரத்துக்கு 1 வினாடின்னு வெச்சா, ஆதி தாளம் ஒரு ஆவர்த்தனம் 8 வினாடி. சமத்துலதான் பாட்டு மாறணும்னு வெச்சீங்கன்னா, சராசரி 4 வினாடி, மோசமான நேரத்துல 8 வினாடி தாமதம். அதுக்குள்ள புலி உங்களைச் சாப்பிட்டு முடிச்சிருக்கும். அதனால உடனே ஒரு உடுக்கை அடி, பிறகு சமத்துல முழுத் தாளம்னு பிரிக்கணும். இதைச் செய்ய எஃப்மாட், வைஸ் மாதிரி கருவிகள் இருக்கு. கோடோ 4.3-ல இருந்து இந்த வசதி எஞ்சினுக்குள்ளேயே வந்துடுச்சு. 'கருவி இல்லை' என்கிற சாக்கு இனி செல்லாது.

யாருடைய சத்தம்?

'கென்ஷின் இம்பாக்ட்' 2022-ல சுமேரு என்கிற நிலத்தைச் சேர்த்தப்போ சிதார், பன்சூரி எல்லாம் கேட்டுச்சு. அழகான இசைதான். ஆனா வெளியில இருந்து பார்க்கிறவங்களுக்கு இந்தியா என்றால் சிதாரும் தபலாவும்தான். உறுமி, உடுக்கை, தவில், நாகஸ்வரம் எல்லாம் அவங்க வரைபடத்துல இல்லை. அவங்களைக் குறை சொல்லிப் பயன் இல்லை. வைக்க வேண்டியது நாம.

வெச்சா என்ன ஆகும் என்பதுக்கு 'வெண்பா' (2023) சாட்சி. டொரண்டோவுல இருக்கிற விசாய் கேம்ஸ் செஞ்சது. ஓப்பன் வேர்ல்ட் இல்லை, சமையலைச் சுத்தி நடக்கிற ஒரு குடியேறிய குடும்பத்தோட கதை. அதுல வர்ற தமிழ்ப் பாட்டுகள் அந்தந்தக் காலத் திரையிசை பாணியிலேயே புதுசா உருவாக்கினவை. அந்த கேம் 2024-ல பாஃப்டாவோட அறிமுக கேம் விருதை வாங்குச்சு. தமிழ்ப் பாட்டு இருந்ததால யாரும் அதை ஒதுக்கலை.

வைக்கும்போது ஒரு எச்சரிக்கையும் வேணும். பறைச் சத்தத்தை அரக்கன் வர்ற காட்சிக்கும் சுடுகாட்டுக் காட்சிக்கும் மட்டும் வைக்கிற புத்தி நம்மகிட்ட இருக்கு. அது இசை அறிவு இல்லை, சாதி கத்துக் கொடுத்த பழக்கம். திணை அட்டவணையை மறுபடி பாருங்க. நெல் அறுக்க, மீன் பிடிக்க, ஏறு தழுவ, கல்யாணத்துக்கு, எல்லாத்துக்கும் ஒரு தோல் கருவி இருக்கு. அஞ்சு நிலத்துக்கும் பறை உண்டு. உங்க கேம்ல அறுவடைத் திருவிழாவுக்குப் பறை அடிக்கட்டும். அடிக்கிற கலைஞரை நேர்ல பார்த்து, காசு கொடுத்து, பதிவு செஞ்சு, கிரெடிட்ஸ்ல பேரைப் போடுங்க. லைப்ரரியில இருந்து 'டிரைபல் டிரம் 07'-ஐ இழுத்துப் போடறதைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

பெருசா ஆரம்பிக்கத் தேவையில்லை. நம்ம பக்கத்துலயே ஒரு நிலம் இருக்கு. ஏரியும் வயலும் சேர்ந்தா மருதம், மருதத்துக்கு உரிய பொழுது வைகறை. ஒரு நாள் அஞ்சு மணிக்கு எழுந்து, அனுமதி இருக்கிற இடத்துல நின்னு, போன்ல பத்து நிமிஷம் பதிவு பண்ணுங்க. நீர்க்காக்கை, மதகுத் தண்ணி, தூரத்துல பெங்களூர் ரோட்ல போற லாரி, கோயில் ஸ்பீக்கர் எல்லாம் விழும். லாரியை அழிச்சுடாதீங்க, அதுவும் இந்த நிலத்தோட கருப்பொருள்தான். அது மேல ஒரு புல்லாங்குழல் அடுக்கு, கூட்டம் கூடினா ஒரு பறை அடுக்கு, நடுவுல தாராளமா மௌனம்.

அடுத்த எக்ஸ்போவில அந்த டெமோவை வையுங்க. ஹெட்போனை மாட்டறவர் கண்ணை மூடிக்கிட்டு, "இது நம்ம ஏரிதானே?"ன்னு கேட்டா போதும். கிராபிக்ஸை அப்புறம் பார்த்துக்கலாம்.