பயணிக்குப் பணம் திரும்பும், பூவுக்கு?

“யார்டு சீரமைப்புப் பணி காரணமாகக் கீழ்க்கண்ட ரயில்கள் ரத்து” என்று பத்திரிகையில் செய்தி வந்தால், நம்மில் பலர் அதைப் படிக்காமலேயே பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். அது வெளியூர் போகிறவர்களின் கவலை என்று நினைப்பு. ஆனால், பூவும் வெற்றிலையும் முருங்கையும் ரயிலில் அனுப்புகிறவருக்கும், மேலுரத்துக்கு யூரியா எப்போது வரும் என்று காத்திருப்பவருக்கும், கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் குவித்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கும் அது மழை அறிவிப்புக்குச் சமமான செய்தி.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். இந்தப் பணிகள் வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. தண்டவாளம் பிரியும் இடத்தில் பாதையை மாற்றிவிடும் அமைப்பைப் ‘பாயிண்ட்’ என்பார்கள். பாயிண்ட் சரியான பாதைக்குத் திரும்பிப் பூட்டிக்கொண்டால்தான் பச்சை விளக்கு எரிய வேண்டும். இரண்டையும் இப்படிப் பிணைத்து வைப்பதுதான் ‘இன்டர்லாக்கிங்’. நிலையத்தில் புதிய பாதை போடும்போதும், பழைய சிக்னலை எடுத்துவிட்டுக் கணினி முறைக்கு மாறும்போதும் இந்தப் பிணைப்பைச் சில நாட்கள் அவிழ்த்தாக வேண்டும். அந்த நாட்களில் பாயிண்டைக் கையால் திருப்பிப் பூட்டி, ரயிலை மெதுவாக நகர்த்துவார்கள். வழக்கமான எண்ணிக்கையில் ரயில்களை விட முடியாது. அதனால்தான் ரத்து, பாதி வழியில் நிறுத்தம், மாற்றுப்பாதை எல்லாம்.

சிக்னல் வேலையில் அவசரம் காட்டினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறோம். 2023 ஜூன் 2-ம் தேதி, சென்னை நோக்கி வந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்தில் சரக்கு ரயில் மீது மோதியது. 290-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். சிக்னல் பணியில் நடந்த தவறுகளே காரணம் என்று ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை சொன்னது. எனவே, ‘வேலையைச் சீக்கிரம் முடியுங்கள்’ என்பது நம் கோரிக்கை ஆகக் கூடாது. நம் கேள்வி வேறு. வேலைக்கான நாளை யாரைக் கேட்டுக் குறிக்கிறீர்கள்? குறித்த பிறகு யாருக்குச் சொல்கிறீர்கள்?

தாம்பரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 ஜூலை 23 முதல் ஆகஸ்ட் 14 வரை அங்கே யார்டு சீரமைப்பு என்று அறிவித்தார்கள். பிறகு அது ஆகஸ்ட் 18 வரை நீண்டது. சென்னைப் புறநகர் ரயில்களோடு தென்மாவட்ட ரயில்கள் சிலவும் ரத்தாயின. சில ரயில்கள் வழியிலேயே நிறுத்தப்பட்டன. நகரத்துப் பயணிகள் பட்ட பாடு செய்தியானது. அந்தத் தேதிகளை நம் நாட்காட்டியில் வைத்துப் பாருங்கள். ஏறக்குறைய முழு ஆடி மாதம். ஆடிப்பெருக்கு, ஆடி அமாவாசை, ஆடிப்பூரம் மூன்றும் அதற்குள் வந்தன. அம்மன் கோயில்களுக்குப் பூ அதிகமாகப் போகிற மாதம் அது. ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்று விதைக்கும் உரத்துக்கும் நாம் ஓடுகிற மாதமும் அதுதான்.

ரயில் ரத்தானால் பயணிக்கு முழுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். இணையத்தில் எடுத்த சீட்டு என்றால் கேட்காமலேயே கணக்கில் ஏறிவிடும். ஐஸ் வைத்துக் கட்டி அனுப்பிய பூப்பெட்டி பாதி வழியில் இறங்கிக் கிடந்தால் என்ன ஆகும்? பார்சல் கட்டணமே திரும்பி வந்தாலும், பூவின் விலை திரும்பி வராது. மலர்ந்துபோன மல்லிகையை யாரும் மொட்டு விலைக்கு எடுப்பதில்லை. விளைபொருளில் பெரும்பகுதி லாரியிலும் பேருந்திலும்தான் போகிறது என்பது உண்மை. ஆனால், ரயில் நின்ற வாரத்தில் அந்த லாரிக்காரரும் பேருந்துக்காரரும் என்ன வாடகை கேட்பார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நெல்லும் உரமும் இன்னும் பெரிய கணக்கு. டெல்டாவில் கொள்முதலான நெல், அரவைக்காகச் சரக்கு ரயிலில் வெளி மாவட்டங்களுக்குப் போகிறது. அந்த ரயில் ஒரு நாள் தள்ளிப்போனால் கிடங்கு காலியாகாது. கிடங்கு காலியாகாவிட்டால் கொள்முதல் நிலையத்து மூட்டை நகராது. மூட்டை நகராவிட்டால் உங்கள் நெல்லுக்கு அங்கே இடம் இருக்காது. இதற்கிடையில் ஒரு மழை பெய்தால், 17 சதவீத ஈரப்பதக் கணக்கு உங்கள் தலையில்தான் விழும். யூரியாவும் அப்படித்தான். பயிர் கேட்கிற பத்து நாளில் கிடைக்காத யூரியா, பதினைந்தாம் நாள் வேகனில் வந்து என்ன பயன்?

பயிரைப் பார்த்து வேலையைத் திட்டமிடுவது அரசுக்குத் தெரியாத வித்தை அல்ல. மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது மரபு. ஆறு, வாய்க்கால் தூர்வாரும் வேலையெல்லாம் தண்ணீர் இல்லாத கோடையில் முடிய வேண்டும் என்பதுதான் அதன் கணக்கு. தண்ணீர் ஓடும்போது மதகைக் கழற்ற எந்தப் பொறியாளரும் துணிய மாட்டார். தண்டவாளமும் நமக்கு ஒரு வாய்க்கால்தான். குறுவை, சம்பா அறுவடைக் காலத்தில் நெல் ஏற்றும் நிலையங்களில் வேலையைத் தவிர்க்கலாம். திருவிழாக் கூட்டத்துக்குச் சிறப்பு ரயில் விடத் தெரிந்த ரயில்வேக்கு, அறுவடைக் கூட்டத்தைக் கணக்கில் எடுப்பதும் முடியும்.

தள்ளிவைக்க முடியாத வேலையும் உண்டு. அப்போது குறைந்தபட்சம் மூன்றைச் செய்யுங்கள் என்று கேட்போம். ஒன்று, ரத்தாகும் ரயில்களின் பட்டியலோடு, அந்த ரயில்களில் பார்சல் ஏற்றுவது எந்த நாள் முதல் எந்த நாள் வரை நிறுத்தம், மாற்று ரயில் எது என்பதையும் தமிழில் வெளியிட வேண்டும். இரண்டு, சந்தை விலையும் வானிலையும் சொல்லும் உழவன் செயலியில் இந்த அறிவிப்பும் வர வேண்டும். மூன்று, ரயில் வழியில் நிறுத்தப்பட்டால், அழுகும் சரக்கை அங்கிருந்து கொண்டுசேர்க்கும் ஏற்பாட்டை ரயில்வேயே செய்ய வேண்டும்.

நிலையங்களைப் புதுப்பிக்கும் வேலைக்கும் இதே பேச்சுதான். அம்ரித் பாரத் திட்டத்தில் 2025 மே 22 அன்று நாடு முழுவதும் 103 நிலையங்கள் திறக்கப்பட்டன. தமிழ்நாட்டில் 9. மன்னார்குடி, சிதம்பரம், விருத்தாசலம், திருவண்ணாமலை, போளூர், சாமல்பட்டி எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. சுற்றிலும் வயலும் தோப்பும் உள்ள ஊர்கள். முகப்பும் காத்திருப்புக் கூடமும் வரவேற்கத்தக்கவை. இனி வேலை நடக்கும் நிலையங்களிலாவது, காய்கறிக் கூடையை வெயிலில் வைக்காமல் இருக்க ஒரு கொட்டகை, வண்டி வந்து நிற்க ஒரு பாதை, எடை போட ஓர் இடம் ஆகியவையும் வரைபடத்திலேயே இருக்க வேண்டும். சுவர் எழும்பிய பிறகு கேட்டால் இடம் இல்லை என்பார்கள்.

இனி, நம் பங்கு. நிலையத்தில் வேலை நடக்கிறது என்று தெரிந்தால், அனுப்பும் நாளுக்கு முன்பே பார்சல் அலுவலகத்தில் கேளுங்கள். 139-ல் ரயிலின் நிலையை உறுதி செய்துகொள்ளுங்கள். அறிவித்த முடிவுத் தேதியை அப்படியே நம்பாதீர்கள். தாம்பரத்தில் நான்கு நாள் நீண்டதை மறக்க வேண்டாம். பார்சல் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். சரக்கு கெட்டுப்போனால், ஒப்படைத்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் ரயில்வேக்கு எழுத்து மூலம் இழப்பீடு கேட்டாக வேண்டும் என்கிறது 1989 ரயில்வே சட்டம். தாமதம் தங்கள் கவனக்குறைவால் நேரவில்லை என்று ரயில்வே நிரூபித்துவிட்டால், அதே சட்டம் அவர்களைக் காப்பாற்றும். முன்கூட்டியே அறிவிப்பு வேண்டும் என்று நாம் வலியுறுத்துவது இதனால்தான்.

வேளாண் விரிவாக்க அலுவலர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பூச்சித் தாக்குதல் அறிவிப்பை வாட்ஸ்அப் குழுவில் போடுகிறீர்கள். ரயில் நிறுத்த அறிவிப்பையும் அதே குழுவில் போடுங்கள். மாவட்ட ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மின்வாரியமும் கூட்டுறவுத் துறையும் வந்து உட்காருகின்றன. ரயில்வே கோட்டத்திலிருந்தும் ஓர் அலுவலரை அழைக்க வேண்டும் என்று அடுத்த கூட்டத்தில் மனு கொடுங்கள்.

தண்டவாள வேலைக்கு வழிவிட நாம் தயார். எந்த நாளில் வழிவிட வேண்டும் என்பதை, அறுப்பதற்கு முன், பறிப்பதற்கு முன் சொல்லுங்கள் என்பதே நம் கோரிக்கை.