ஏர்கோன் போட்டால் உயிரை விடும் கார்

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போதே ஜொகூர்த் தோட்டங்களில் பேச்சுக் கிளம்பிவிடும். "சிராங்கூன் ரோட்டுக்கு எப்போ போறோம்?" சேலையும் பலகாரச் சாமானும் இங்கேயும் கிடைக்கும்தான். ஆனால் தேக்காவில் விளக்கலங்காரத்தின் கீழே கூட்டத்தில் இடிபட்டு வாங்கினால்தான் நம் பெண்களுக்கு மனம் நிறைகிறது. கார் கொள்ளாமல் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு புறப்படுகிறோம். சோதனை கடற்பாலத்தில் காத்திருக்கிறது.

1924-இல் திறக்கப்பட்ட அந்தப் பாலம் ஏறத்தாழ 1 கிலோமீட்டர் நீளம்தான். பண்டிகைக் காலத்தில் அதைத் தாண்ட மணிக்கணக்கு ஆகும். வெயிலில் கார் நின்று நின்று ஊரும். உள்ளே பாட்டி, கைக்குழந்தை. ஏர்கோனை அடைக்க மனம் வராது. அந்த நேரம் பார்த்துத்தான் பல பழைய கார்கள் கிடுகிடுவென்று நடுங்கி, நின்றே போகின்றன.

"வாத்தியாரே, ஏர்கோனைப் போட்டா வண்டி உயிரை விடுது. கம்ப்ரஸரை மாத்தச் சொன்னாங்க, மாத்தியாச்சு. இன்னும் அதே கதைதான்" என்றார் எங்கள் தோட்டத்து லாரி ஓட்டுநர் ஒருவர். பல நூறு வெள்ளி போயிற்று. பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு ஒதுக்கிய பணம் அது. இன்னொரு பட்டறையில் த்ராட்டல் பாடியைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே அடுப்புக்கரி போல் அப்பியிருந்தது. துடைத்துப் பூட்டியதும் கார் ஒழுங்காயிற்று.

காரணம் இதுதான். ஏர்கோனுக்கென்று காரில் தனி எஞ்சின் கிடையாது. வண்டியை இழுக்கிற அதே எஞ்சின்தான் ஒரு பெல்ட் மூலம் கம்ப்ரஸரையும் சுற்றுகிறது. 1940-ஆம் ஆண்டுக்கான பேக்கார்ட் கார்களில்தான் முதன்முதலாகத் தொழிற்சாலையிலேயே ஏர்கோன் பொருத்திக் கொடுத்தார்கள். அதை அடைக்க வேண்டுமானால் எஞ்சினை நிறுத்தி, இறங்கிப் போய் பெல்ட்டைக் கழற்ற வேண்டுமாம்! இப்போது 'டக்' என்று ஒரு கிளட்ச் அந்த வேலையைச் செய்கிறது. சுமை மட்டும் அன்றும் இன்றும் எஞ்சின் தலையில்தான்.

வேகமாக நடக்கிறவர் தோளில் பால் வாளியை ஏற்றினாலும் தாங்கிக்கொள்வார். தள்ளாடி நிற்கிறவர் சாய்ந்துவிடுவார். நிற்கும் காரின் எஞ்சின் நிமிடத்துக்கு 700, 800 சுற்றுத்தான் சுற்றும். இதை 'ஐட்லிங்' என்பார்கள். ஏர்கோன் சேர்ந்ததும் கொஞ்சம் கூடுதல் காற்றை உள்ளே விட்டு எஞ்சினைத் தாங்கிப் பிடிக்க ஒரு சின்ன வால்வு இருக்கிறது. கரி அடைத்தால் அது செயல்படாது. கார்புரேட்டர் வண்டிகளில் அந்த வேலையைச் செய்யும் ரப்பர்க் குழாய் வெடித்திருந்தாலும் இதே கதிதான். 1994-இல் அறிமுகமான பெரோடுவா கஞ்சிலில் 660 சிசி எஞ்சினும் உண்டு. அவ்வளவு சின்ன எஞ்சினுக்கு ஏர்கோன் பெரும் பாரம்.

எங்கே கோளாறு என்று நீங்களே ஓரளவு கண்டுபிடிக்கலாம். ஏர்கோன் பொத்தானை அழுத்திய உடனே நடுங்குகிறதா? ஐட்லிங் வால்வையும் த்ராட்டல் பாடியையும் பார்க்கச் சொல்லுங்கள். முதலில் நன்றாக இருந்து, நெரிசலில் அரை மணி நேரம் நின்ற பிறகுதான் திணறுகிறதா? முன்னால் உள்ள காற்றாடி சுற்றுகிறதா என்று பாருங்கள். நெடுஞ்சாலையில் எதிர்க்காற்று குளிர்விக்கும். பாலத்தில் நிற்கும் காருக்குக் காற்றாடியை விட்டால் கதியில்லை. அது நின்றால் கேஸ் அழுத்தம் ஏறி, கம்ப்ரஸர் எஞ்சினைப் பிடித்து இழுக்கும். கேஸை அளவுக்கு மேல் அடைத்தாலும் அப்படியே. ஏர்கோன் போடாமலே நடுங்கினால் பிளக், ஏர் ஃபில்டர் பக்கம் போங்கள். பெல்ட் கிரீச்சிட்டு ரப்பர் கருகும் வாடை வந்தால் மட்டும் கம்ப்ரஸரைச் சந்தேகிக்கலாம்.

சில பட்டறைகளில் திருகாணியை முறுக்கி ஐட்லிங்கைக் கூட்டிக் கொடுத்துவிடுவார்கள். இது எனக்குப் பிடிக்காத வைத்தியம். எண்ணெய் வீணாகும். ஆட்டோ கியர் கார் என்றால் பிரேக்கைத் தளர்த்தியதும் முன்னால் பாயும். முன் காருக்கும் நமக்கும் ஒரு முழ இடைவெளி இருக்கும் இடத்தில் இது விளையாட்டல்ல.

ஓடும்போது எஞ்சின் நின்றால் ஸ்டீரிங்கும் பிரேக்கும் கனத்துவிடும். பயப்படாமல் பிரேக்கை ஒரே அழுத்தாக அழுத்துங்கள். விட்டு விட்டு மிதித்தால் மிச்சமுள்ள வேக்கமும் தீர்ந்துவிடும். சிங்கப்பூர் விரைவுச் சாலைகளில் நின்றுபோன வண்டியை நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வண்டி அருகிலுள்ள குறிப்பிட்ட கார் நிறுத்தம் வரை இலவசமாக இழுத்துச் செல்லும். அதற்கப்பால் செலவு உங்களுடையது, அதுவும் சிங்கப்பூர் வெள்ளியில். ஆகவே பழுதை இந்தப் பக்கமே பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று. பெண்கள் கடைக்குள் போனபின், ரேஸ் கோர்ஸ் சாலை ஓரத்தில் எஞ்சினை ஓடவிட்டு ஏர்கோனில் தூங்குகிறார்கள் சில ஆண்கள். போக்குவரத்து நெரிசலில் நிற்பது வேறு. சும்மா நிறுத்திவைத்து எஞ்சினை ஓட்டுவது சிங்கப்பூரில் குற்றம், அபராதம் உண்டு. எஞ்சினை அடைத்துவிட்டுத் தேக்கா சந்தைக்குப் போய் ஒரு தே தாரிக் குடியுங்கள்.