கடலையின் நோயும் டெல்லியின் வரியும்

நவராத்திரிச் சுண்டலுக்காகக் கிரெய்கிபர்ன் பலசரக்குக் கடையில் கொண்டைக்கடலை வாங்கும்போது, அது எங்கே விளைந்தது என்று நாம் யோசிப்பதில்லை. இன்று இந்தியாவுக்கே கடலை விற்கும் நாடு அவுஸ்திரேலியா. ஆனால் 1998இல் விக்டோரியாவில் இந்தப் பயிரையே கைவிடும் நிலை வந்தது.

காரணம் அஸ்கோகைட்டா கருகல் நோய். மழைத்துளி தெறிக்கும்போது பூஞ்சையின் வித்துக்கள் செடிக்குச் செடி பரவும். இலையில் புள்ளி விழும், தண்டு ஒடியும். அப்போது வயல்களில் இருந்த இரகங்களால் அதைத் தாங்க முடியவில்லை.

மீட்சி தெரிவுச் சோதனையால் வந்தது. பல நாட்டு விதைகளை வரிசையாக விதைத்து, இடையிடையே நோய்க்கு எளிதில் பலியாகும் இரகத்தையும் விதைப்பார்கள். நோய் கண்ட பழைய தாள்களைத் தூவி, நீர் தெளித்து, வேண்டுமென்றே நோயை வரவழைப்பார்கள். பிறகு ஒவ்வொரு வரிசைக்கும் 1 முதல் 9 வரை புள்ளியிடுவார்கள். 2005இல் வெளியான ஜெனிசிஸ் 090 இரகம், அக்காலத்தில் சிரியாவின் அலெப்போ அருகே இயங்கிய இக்கார்டா ஆய்வு மையத்திலிருந்து வந்த விதைவழி.

ஆனால் இது ஒரு தடவை வென்றால் முடிகிற போர் அல்ல. பூஞ்சை மாறிக்கொண்டே இருக்கிறது. ஜெனிசிஸ் 090இன் எதிர்ப்புத் தரத்தையே பின்னர் குறைக்க வேண்டியதாயிற்று.

இங்குதான் டெல்லி வருகிறது. 2017 டிசம்பரில் இந்தியா கடலைக்கு 30 விழுக்காடு இறக்குமதி வரி விதித்து, 2018இல் அதை 60 ஆக்கியது. 2024 மே மாதம் நாட்டுக்கடலைக்கு வரி நீங்கியதும் இங்குள்ள விவசாயிகள் மீண்டும் கடலைக்குத் திரும்பினர். நல்ல விலை கிடைக்கும்போது ஒரே வயலில் அடுத்தடுத்து விதைக்க ஆசை வரும். பழைய தாளில் உயிர்வாழும் பூஞ்சைக்கு அதுவே விருந்து. அதனால்தான் சில ஆண்டுகள் இடைவெளி விடச் சொல்கிறார்கள்.

சோதனைக்கான பணத்தின் பெரும்பகுதி, விவசாயிகள் விற்பனை மதிப்பில் செலுத்தும் ஏறத்தாழ 1 விழுக்காட்டுப் பங்கிலிருந்தும் அதற்கு அரசு சேர்க்கும் தொகையிலிருந்தும் வருகிறது. விலை விழுந்தால் அந்தப் பணமும் குறையும். பூஞ்சையோ ஓய்வெடுப்பதில்லை. ஆகவே நல்ல விலை கிடைக்கும் ஆண்டுகளிலேயே கெட்ட ஆண்டுகளின் சோதனைக்கும் பணம் ஒதுக்கி வைப்பதுதான் புத்தி.

இதில் நமக்கும் ஒரு பங்குண்டு. பூஞ்சை பாலின வழியில் இனம் பெருக்க இரண்டு வகைகள் சேர வேண்டும். அவுஸ்திரேலியாவில் இதுவரை கண்டறியப்பட்டது ஒரு வகை மட்டுமே. மற்றது வந்துவிட்டால் புதுப்புதுக் கலப்புகள் தோன்றும், இருபது ஆண்டு உழைப்பு வீணாகலாம். இந்த நோய் விதையோடும் பயணம் செய்யும். ஊரிலிருந்து வரும்போது பெட்டிக்குள் அம்மா வைத்துவிட்ட கடலைப் பொட்டலத்தைத் துல்லாமரைன் விமான நிலையத்தில் மறைக்காமல் அறிவியுங்கள். பறிபோனால் போகட்டும். அதே கடலை இங்கு கடையில் கிடைக்கும்.