சைனைடு மேட்டில் யார் குடியிருக்கிறார்கள்?

எனக்கு இங்கே கனடாவில் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து எது கட்டடம், எது காடு என்று பிரிக்கிற வேலை. போன ஞாயிற்றுக்கிழமை வெளியே ஒரே பனி. பொழுது போகாமல் நம்ம கே.ஜி.எஃப். படத்தை எடுத்துக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தேன்.

சைனைடு மேடு முழுக்கச் சிவப்பாக வந்தது. சிவப்பு என்றால் கட்டடம்! சின்ன வயசில் நாங்கள் சறுக்கி விளையாடிய மேட்டில் ஒரு டவுனே முளைத்திருந்தது. மாரிகுப்பம் பக்கம் எங்கள் லைன் வீடுகளோ பாதிக்கு மேல் புதர்க்காடு.

கம்ப்யூட்டருக்குச் சுவர், கூரை எல்லாம் தெரியாது. திரும்பி வரும் ஒளியைத்தான் அளக்கும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில் ஒரு வகையைச் செடிகொடி அதிகம் திருப்பும், இன்னொரு வகையைக் கான்கிரீட் அதிகம் திருப்பும். இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் கணக்கு. தங்கம் எடுத்தபின் கொட்டிய காய்ந்த மண்ணும் கான்கிரீட் மாதிரியே திருப்பித் தொலைக்கிறது. போதாததற்கு, லேண்ட்சாட் படத்தில் ஒரு புள்ளி 30 மீட்டருக்கு 30 மீட்டர். பல லைன் வீடுகள், நடுவே வேலிகாத்தான், வேப்பமரம் எல்லாம் ஒரே புள்ளிக்குள் அடக்கம். சென்டினல்-2 படத்தில் 10 மீட்டர், கொஞ்சம் தேவலை. ஆனால் அது 2015இல்தான் வந்தது. பழைய நாளோடு ஒப்பிட லேண்ட்சாட்டை விட்டால் வழியில்லை.

ஒப்பிட்டும் பார்த்தேன். 2001 பிப்ரவரி 28, சுரங்கத்தை மூடிய நாள். அதற்கு முந்தின படத்திலும் இப்போதைய படத்திலும் எங்கள் லைனில் பெரிதாக ஒரு மாற்றமும் இல்லை. வேலை போனது, ஜனங்கள் விடிகாலை ரயிலில் பெங்களூருக்கு ஓடுவது, இதெல்லாம் எந்தப் புள்ளியில் விழும்?

சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை இது. அந்த மேடுகளில் மிச்சம் இருக்கும் தங்கத்தை எடுக்க 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 13 மேடுகள். சுரங்க நிலத்தில் தொழிற்பேட்டை என்ற பேச்சும் சில வருடங்களாக ஓடுகிறது. நாளைக்கு ஒரு அதிகாரி மேஜையில் இப்படி ஒரு வரைபடம்தான் விரிந்து கிடக்கும். லைனுக்குள் நடந்து, கதவைத் தட்டிக் கேட்காமல் அதை நம்பக்கூடாது என்பது என் கட்சி. களத்தில் போய்ச் சரிபார்ப்பது எங்கள் தொழிலிலும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. சில புள்ளிகளை மட்டும் பார்த்துவிட்டு ‘90 சதவீதம் சரி’ என்று எழுதிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவோம். மீதி 10 சதவீதம் யார் வீடு என்று நானே இதுவரை கேட்டதில்லை.

ராத்திரி அம்மாவிடம் போனில் சொன்னேன்.

“இன்னாடா இது, நம்ம வூட்ட காடுன்னு எவன்டா போட்டான்?”

“நான்தாம்மா போட்டேன்.”