காசு வாங்கிய கழிப்பறை... காசு கொடுத்த கழிப்பறை!

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் பஸ் ஏறி, காவிரியையும் கொள்ளிடத்தையும் தாண்டினால் நம்பர் ஒன் டோல்கேட் வரும். அங்கிருந்து துறையூர் சாலையில் போனால் மண்ணச்சநல்லூர். 'மண்ணச்சநல்லூர் பொன்னி' என்று கேட்டு வாங்கும் குடும்பங்கள் தமிழ்நாடு முழுக்க இருக்கின்றன. உங்கள் வீட்டு அரிசி மூட்டையிலும் அந்த ஊர்ப் பெயர் இருக்கலாம்.

புழுங்கல் அரிசி சும்மா வந்துவிடுவதில்லை. நெல்லை ஊறவைத்து, ஆவியில் அவித்து, களத்தில் பரப்பிக் காயவைத்து, அதன் பிறகுதான் அரைவைக்கு அனுப்புவார்கள். இதில் காயவைப்பதுதான் பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஈரம் தங்கினாலும் சிக்கல், ஒரேயடியாகக் காய்ந்தாலும் சிக்கல். இரண்டிலுமே அரைக்கும்போது அரிசி உடைந்து நொய்யாகிவிடும். அதனால் களத்தில் நிற்பவர்கள் நெல்லைத் திரும்பத் திரும்பப் புரட்டிக்கொண்டே இருப்பார்கள். பார்ப்பவர்களுக்கு அலுப்பாகத் தெரியும் அந்த வேலை இல்லாவிட்டால், சாதம் பொலபொலவென்று வராது.

இதே திருச்சி மாவட்டத்தில், யாரும் பேசவே கூச்சப்படும் ஒரு விஷயத்தைக் கையில் எடுத்து, அதை 35 வருடங்கள் இப்படித் திரும்பத் திரும்பப் புரட்டிக்கொண்டே இருந்த இரண்டு பேர் உண்டு. அந்த விஷயம், கழிப்பறை!

50 பைசா டோக்கன்

முதலாமவர் தாமோதரன். 1987-ல் திருச்சியில் 'கிராமாலயா' என்ற தொண்டு நிறுவனத்தைத் தொடங்கியவர். கிராமங்களில் குடிநீர், சுகாதாரம் என்று ஆரம்பித்த பயணம் போய் நின்ற இடம் கழிப்பறை.

அந்தக் காலகட்டத்தை அம்மாக்களிடமும் பாட்டிகளிடமும் கேட்டுப் பாருங்கள். விடிவதற்கு முன்பு போக வேண்டும், இல்லாவிட்டால் இருட்டும்வரை காத்திருக்க வேண்டும். வெளியே போகப் பயந்து தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்ட பெண்கள் ஏராளம். மழைக்காலத்திலும் மாதவிடாய் நாட்களிலும் பட்ட பாடு தனிக்கதை.

நகரத்தில் பொதுக் கழிப்பறைகள் இருந்தன. ஆனால், கட்டடம் இருக்கும், உள்ளே கால் வைக்க முடியாது. 'கட்டுவது சுலபம், பராமரிப்பதுதான் கஷ்டம்' என்ற உண்மை அங்கேதான் புரிந்தது. அதற்குத் திருச்சியில் கிடைத்த பதில், அந்தந்தக் குடியிருப்புப் பெண்கள்! கழிப்பறையின் பொறுப்பு மகளிர் குழுக்களிடம் வந்தது. ஒருமுறை பயன்படுத்த 50 பைசா வாங்கினார்கள். வாசலில் உட்கார்ந்து காசு வாங்குவது, கணக்கு எழுதுவது, சுத்தம் செய்ய ஆள் வைத்துச் சம்பளம் கொடுப்பது, குழாய் உடைந்தால் சரிசெய்வது என எல்லாமே அவர்கள் கையில்தான்.

வருமானம் சில்லறைதான். ஆனால், அந்தச் சில்லறையில்தான் விளக்கு எரிந்தது, தண்ணீர் வந்தது, கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்தது.

2002-ல் திருச்சியின் கல்மந்தை குடியிருப்பும், 2003-ல் மாவட்டத்தின் தாண்டவம்பட்டி கிராமமும் திறந்தவெளியில் மலம் கழிக்கும் வழக்கத்தை விட்டுவிட்ட இடங்களாக அறிவிக்கப்பட்டன. மத்திய அரசு 'தூய்மை இந்தியா' திட்டத்தைத் தொடங்கியது 2014 அக்டோபர் 2-ல். கல்மந்தை அதற்கு 12 வருடங்கள் முந்திக்கொண்டது!

முசிறியில் நடந்த அதிசயம்

இரண்டாமவர் மராச்சி சுப்புராமன். 1986-ல் 'ஸ்கோப்' என்ற தொண்டு நிறுவனத்தைத் தொடங்கியவர். அவர் எதிர்கொண்ட பிரச்னை வேறு. காவிரிக் கரையோரம் நிலத்தடி நீர் மேலேயே இருக்கும். அங்கே குழி வெட்டிக் கழிப்பறை கட்டினால், கழிவு நிலத்தடி நீரில் கலந்து, அதே நீர் கிணற்றுக்கும் அடிபம்புக்கும் வந்துவிடும். ஒரு வியாதியைத் தடுக்கப் போய் இன்னொன்றை வரவழைத்த கதையாகிவிடும்.

அதற்கு அவர் கொண்டுவந்த தீர்வு 'ஈகோசான்' எனப்படும் சூழல் கழிப்பறை. இதில் சிறுநீர் தனியாகப் போகும், கழுவும் தண்ணீர் தனியாகப் போகும். மலம் மட்டும் தரைக்கு மேலே கட்டிய தொட்டியில் விழும். ஒவ்வொருமுறையும் அதன்மேல் கொஞ்சம் சாம்பல் தூவ வேண்டும், அவ்வளவுதான். ஒரு தொட்டி நிறைந்ததும் அதை மூடிவிட்டு அடுத்த தொட்டியைப் பயன்படுத்தலாம். மூடிய தொட்டியில் இருப்பது மாதக்கணக்கில் மட்கி, வாடையில்லாத உரமாகிவிடும். சிறுநீரிலும் பயிருக்கு வேண்டிய தழைச்சத்து இருக்கிறது.

கேட்க எளிது. ஆனால், 'தண்ணீர் ஊற்றக் கூடாது, சாம்பல் போடுங்கள்' என்று ஒரு கிராமத்தையே ஒப்புக்கொள்ள வைப்பது லேசான காரியமா? வீடு வீடாகப் போய், சொன்னதையே திரும்பச் சொல்லி, செய்து காட்டித்தான் அது நடந்தது.

முசிறியில் பொதுக் கழிப்பறையாகவே இது கட்டப்பட்டது. 2000-களின் பிற்பாதியில் அந்தக் கழிப்பறை வெளிநாட்டுப் பத்திரிகைகளிலும் செய்தியானது. காரணம், அங்கே கழிப்பறையைப் பயன்படுத்துகிறவர்கள் காசு கொடுக்க வேண்டாம், அவர்களுக்குத்தான் காசு கிடைக்கும்! தொகை சிறியதுதான். ஆனால், 'கழிவு என்று நினைப்பதற்கும் மதிப்பு இருக்கிறது' என்பதை இதைவிட எளிமையாக யாரால் சொல்ல முடியும்?

ஒரே மாவட்டம். ஓரிடத்தில் காசு வாங்கிய கழிப்பறை, இன்னோரிடத்தில் காசு கொடுத்த கழிப்பறை. வழிகள் நேரெதிர், இரண்டிலும் பிடிவாதம் ஒன்றுதான்.

35 வருடங்கள்

சுப்புராமனுக்கு 2021-ல் பத்மஸ்ரீ. தாமோதரனுக்கு 2022-ல் பத்மஸ்ரீ. கணக்குப் போட்டால், இருவருக்குமே நிறுவனம் தொடங்கியதிலிருந்து விருது வர 35 வருடங்கள். விருதுக்காக உழைத்திருந்தால் ஐந்தாவது வருடமே அலுத்துப்போயிருக்கும்.

அர்த்தமுள்ள வேலை என்றால் நமக்கெல்லாம் ஒரு கற்பனை இருக்கிறது. பெரிய பதவி, நல்ல சம்பளம், சொந்தக்காரர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும்படியான பெயர். தப்பில்லை, அவையும் வேண்டும்தான். ஆனால், இந்த இருவரின் வேலையை அளக்க இன்னொரு அளவுகோல் இருக்கிறது. இருட்டுக்காகக் காத்திருக்க வேண்டிய பெண்களின் எண்ணிக்கை குறைந்ததா, இல்லையா? அவ்வளவுதான்.

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. விருது மேடையில் ஒருவர்தான் நிற்க முடியும். தினமும் வாளியும் துடைப்பமுமாக அந்தக் கழிப்பறைகளைச் சுத்தமாக வைத்திருந்தவர்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. மனிதக் கழிவை மனிதரே அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் 2013-ல் வந்த பிறகும், கழிவுநீர்த் தொட்டியில் இறங்கி உயிர்விட்டவர்களின் செய்திகளைப் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஒரு வேலை அர்த்தமுள்ளது என்று நாம் பாராட்டினால் மட்டும் போதாது. அதைச் செய்கிறவருக்கு நியாயமான சம்பளம், கையுறை, இயந்திரம், 'அண்ணே', 'அக்கா' என்று கூப்பிடும் மரியாதை எல்லாம் சேர்ந்து கிடைக்க வேண்டும்.

'நான் பார்க்கிற வேலையில் என்ன பெரிதாக இருக்கிறது?' என்று சலிப்பு வரும் நாட்கள் எல்லோருக்கும் உண்டு. அந்த நாளில் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். இன்று நான் செய்த வேலையால் யாருக்காவது ஒரு சிரமம் குறைந்ததா? 'ஆமாம்' என்று பதில் வந்தால், நாளைக்கும் அதையே செய்யலாம்.

மண்ணச்சநல்லூர் களத்திலும் நாளைக் காலை மறுபடி நெல்லைப் பரப்புவார்கள். மறுபடி புரட்டுவார்கள். அந்த அரிசி யார் தட்டில் விழப்போகிறது என்று அவர்களுக்குத் தெரியாது. சாப்பிடும்போது நமக்கு அவர்கள் ஞாபகம் வந்தால் போதும்.