எட்டாத ஒளி சிகிச்சை!

பார்வை இழப்பைத் தடுப்பது என்றாலே கண்புரை அறுவைச் சிகிச்சைதான் என்கிற எண்ணம் நமது ஆட்சியாளர்களிடம் ஆழமாகப் பதிந்திருக்கிறது. பார்வை இழப்புத் தடுப்புக்கான தேசியத் திட்டம் 1976-இல் தொடங்கப்பட்டது முதல், எத்தனை லட்சம் கண்புரை அறுவைச் சிகிச்சைகள் நடந்தன என்பதே அதன் முதன்மையான அளவுகோலாக இருந்து வருகிறது. அந்தச் சாதனையைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால், விழித்திரைக்கு அடியில் முளைக்கும் தேவையற்ற ரத்த நாளங்களால் பார்வை இழக்கும் முதியவர்கள் இந்தக் கணக்கில் எங்கே இருக்கிறார்கள்?

அந்த நாளங்கள் கசிந்து பார்வையின் மையப் பகுதியைச் சிதைக்கின்றன. எதிரில் நிற்பவரின் முகம் மறைகிறது, நேர்க்கோடு நெளிகிறது. வெப்ப லேசரால் அவற்றைச் சுட்டால் விழித்திரையும் சேர்ந்து கருகும் என்கிற நிலையை மாற்றியது, அமெரிக்கா 2000-இல் அனுமதித்த வெர்ட்டிபோர்பின் மருந்து. கை வழியாக ரத்தத்தில் 10 நிமிடங்கள் செலுத்தப்படும் இம்மருந்து, புதிதாக முளைத்த நாளங்களில் தேங்குகிறது. பின்னர், சுடாத சிவப்பு லேசர் ஒளியை 83 விநாடிகள் கண்ணில் பாய்ச்சினால், மருந்து தூண்டப்பட்டு அந்த நாளங்களை அடைத்துவிடுகிறது.

2006-இல் ரானிபிஸுமாப் என்கிற மருந்தைக் கண்ணுக்குள் ஊசியாகச் செலுத்தும் முறை வந்த பிறகு, ஒளி சிகிச்சையின் பயன்பாடு குறைந்தது. ஆனால், தேவை மறைந்துவிடவில்லை. ரத்த நாளங்கள் மொட்டுகள்போலப் புடைக்கும் ஒரு வகை நோய் ஆசிய மக்களிடம் அதிகம் காணப்படுகிறது. அதற்கு ஊசியுடன் ஒளி சிகிச்சையையும் சேர்த்து அளிப்பது கூடுதல் பயன் தருகிறது என்று 2017-இல் வெளியான எவரெஸ்ட்-2 ஆய்வு உறுதிப்படுத்தியது. அப்படியிருந்தும், அண்மை ஆண்டுகளில் வெர்ட்டிபோர்பினுக்கு உலகெங்கும் கடும் தட்டுப்பாடு ஏற்பட்டது. மேலைநாட்டு நிறுவனத்தின் உற்பத்தியை மட்டுமே நம்பியிருப்பதன் விலை இது.

ஊசி மருந்திலும் நிலைமை சிக்கலானதுதான். விலை குறைந்த புற்றுநோய் மருந்தான பெவாசிஸுமாபும் ரானிபிஸுமாபுக்கு ஏறத்தாழ இணையான பலன் தருவதாக 2011-இல் அமெரிக்க ஆய்வு கூறியது. உலக சுகாதார நிறுவனம் 2013-இல் அதைக் கண் சிகிச்சைக்கான அத்தியாவசிய மருந்தாகச் சேர்த்தது. குஜராத்தில் சிலருக்குப் பாதிப்பு ஏற்பட்டதையடுத்து, 2016 ஜனவரியில் அதைக் கண்ணில் பயன்படுத்த வேண்டாம் என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. மார்ச்சில் அந்த எச்சரிக்கை திரும்பப் பெறப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் தவித்தவர்கள் ஏழை நோயாளிகளே. தேவைப்படுவது தடையல்ல, மருந்தைத் தூய்மையாகப் பிரித்து வழங்கும் முறையும் கண்காணிப்பும்தான்.

ரானிபிஸுமாபுக்கு நிகரான மருந்தை 2015-லேயே விற்பனைக்குக் கொண்டுவந்த நாடு இது. வெர்ட்டிபோர்பினையும் இங்கேயே தயாரிக்க அரசு ஊக்கமளிக்க வேண்டும். மாவட்ட மருத்துவமனைகளில் விழித்திரைப் பரிசோதனையும், மாநிலத்துக்குச் சில அரசு மையங்களிலாவது ஒளி சிகிச்சையும் கிடைக்க தேசியத் திட்டம் நிதி ஒதுக்க வேண்டும். கண்புரை காத்திருக்கும், அகற்றினால் பெரும்பாலும் பார்வை திரும்பும். விழித்திரையில் ஒருமுறை தழும்பு விழுந்துவிட்டால், பிறகு எந்த ஒதுக்கீட்டாலும் இழந்ததை மீட்க முடியாது.